நானூற்று முப்பது மில்லி

ஒரு தலைமயிரின் தடிமனை எண்பதாயிரம் பங்காகப் பிரித்து, அதில் ஒரு பங்கை அளந்து சொல்லக்கூடியவர்கள் நாற்பது பேர் அந்த இடத்தில் வேலை பார்த்தார்கள். இடத்தின் பெயர் உயர்நிலை நுண்பொருள் வேதியியல் நிலையம். அது சிங்கப்பூரில் ஒரு பல்கலைக்கழகத்துக்குள் இருந்தது. எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்லப் போவதில்லை. தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள அது தனியாக ஒரு பிரிவே வைத்திருக்கிறது. அவர்களுக்கு ஏற்கெனவே வேலை அதிகம்.

ஷமீமா அங்கே இரண்டு ஆண்டுகள் முதுநிலை ஆய்வு செய்தாள். கப்பலின் அடிப்பாகத்தில் சிப்பியும் பாசியும் ஒட்டாமல் தடுக்கும் பூச்சுதான் அவளுடைய பொருள். துத்தநாக ஆக்சைடை நானோமீட்டர் அளவுக்குச் சிறிய துகள்களாக்கிப் பூச்சில் கலந்தால் சிப்பி ஒட்டாது என்று நூற்றுப் பதினான்கு பக்கங்களில் நிறுவியிருந்தாள். ஆய்வேட்டை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். ஜூரோங்கில் கப்பல் பெயின்ட் தயாரிக்கும் கம்பெனி ஒன்று அவளை வேலைக்கு எடுத்திருந்தது. செப்டம்பர் முதல் தேதி சேர வேண்டும். படிப்பு முடிந்தது என்று பல்கலைக்கழகம் தரும் கடிதத்தைக் கொண்டுவந்தால் போதும் என்றார்கள்.

அந்தக் கடிதத்துக்கு முன்னால் கிளியரன்ஸ் என்று ஒரு தாள் இருந்தது. அதில் ஏழு கையெழுத்து வாங்க வேண்டும். நூலகப் புத்தகம் பாக்கி இல்லை, சாவியைத் திருப்பிக் கொடுத்தாயிற்று, வெள்ளைக் கோட்டு துவைத்துக் கொடுத்தாயிற்று என்று ஆறு கையெழுத்தை ஒரே காலையில் வாங்கிவிட்டாள். ஏழாவது, பாதுகாப்பு அலுவலகத்தில். ஏழும் விழுந்த உடனே கடிதம் தானாக மின்னஞ்சலில் வந்துவிடும். அந்த ஒரு காரியத்துக்கு மட்டும் ஏனோ குழு அமைக்க மறந்திருந்தார்கள்.

பாதுகாப்பு அதிகாரி ரமீஸ் முப்பது வயது இளைஞர். மரியாதையானவர். யாரையும் நிற்க வைத்துப் பேச மாட்டார். உட்கார வைத்துத்தான் முடியாது என்பார்.

"ஷமீமா பிந்தே சேக் தாவூது," என்று திரையைப் பார்த்து அப்பா பெயரோடு சேர்த்துப் படித்தார். "எல்லாம் ஓக்கே, சிஸ்டர். உங்க பேர்ல ஒரு பாட்டில் மட்டும் இருக்கு."

"அது என்னோடது இல்ல. இன்ஸ்பெக்‌ஷன் அன்னிக்கு சும்மா பேர் எழுதி ஒட்டினேன்."

ரமீஸ் தட்டச்சு செய்வதை நிறுத்தினார். "இதை நான் கேக்கல. கேட்டேன்னு வச்சுக்குங்க, ஃபால்ஸ் டிக்ளரேஷன் ஆயிடும். அதுக்கு வேற ஃபார்ம், வேற கமிட்டி."

அவள் சொன்னது உண்மை. ஆகஸ்ட் எட்டாம் தேதி வெள்ளிக்கிழமை ஆய்வுக்கூடத்தில் சோதனை. சோதனையின்போது பெயர் ஒட்டாத பாட்டில் ஒன்று கண்ணில் பட்டால் ஐந்து புள்ளி போகும். இருபது புள்ளி போனால் கூடத்தை ஒரு வாரம் மூடிவிடுவார்கள். சோதனைக்காரர்கள் வருவதற்கு இருபது நிமிடம் முன்னால், மூன்றாவது அலமாரியின் இரண்டாவது தட்டில், பெயரில்லாத ஒரு கண்ணாடி பாட்டில் கிடைத்தது. லிட்டர் பாட்டில். உள்ளே நிறமில்லாத திரவம், நானூற்று முப்பது மில்லி. யாருடையது என்று ஒருவர் கேட்டார். அங்கிருந்த பதினோரு பேருக்கும் அந்த நொடியில் அவசர வேலை வந்துவிட்டது.

இப்படி ஒரு பாட்டில் இல்லாத ஆய்வுக்கூடம் உலகத்தில் கிடையாது. யாரோ ஒரு மாணவர் எதையோ கரைத்து வைத்துவிட்டுப் படிப்பு முடிந்து போயிருப்பார். பேனா மை அழிந்திருக்கும். பாட்டில் மட்டும் தட்டில் இருக்கும். அதன்மேல் தன் பெயரை எழுதக்கூடாது என்பது அங்கே யாரும் சொல்லித் தராமலே எல்லோரும் படித்துக்கொள்ளும் பாடம். ஷமீமா எல்லாப் பாடத்திலும் முதல் வகுப்பு. இந்த ஒன்றில்தான் கோட்டை விட்டாள். கூடம் மூடிவிடக்கூடாதே என்ற நல்லெண்ணத்தில் ஒட்டுத்தாளைக் கிழித்து, பெயரை எழுதி, ஒட்டினாள். சோதனைக்காரர் பாட்டிலைப் படம் எடுத்தார், பெயரைக் கணினியில் ஏற்றினார், போனார். ஐந்து புள்ளி தப்பியது. பதினோரு பேரும் அவளுக்கு நன்றி சொன்னார்கள்.

"உள்ள என்ன இருக்கு?" என்று ரமீஸ் கேட்டார்.

"தெரியாது."

"தெரியாததை டிஸ்போஸ் பண்ண முடியாது. கழிவு எடுக்கிற கம்பெனி பேர் இல்லாம தொடமாட்டாங்க."

"சரி, என்னன்னு கண்டுபிடிச்சு சொல்றேன்."

"அதான் ஈஸி, லா," என்று சிங்கப்பூர்ப் பாணியில் இழுத்தார் ரமீஸ். அவர் மனதாரத்தான் சொன்னார்.

நிலையத்தின் கீழ்த்தளத்தில் பகுப்பாய்வுக் கருவிகள் இருந்தன. நீச்சல் குளத்தில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டால் அது கடல் உப்பா இந்துப்பா என்று சொல்லிவிடும் கருவிகள். முன்பதிவுப் பக்கத்தில் முதல் கேள்வியே மாதிரியின் பெயர் என்ன என்பதுதான். கீழே விரியும் பட்டியலில் எழுநூறு பொருள்கள் இருந்தன. தெரியாது என்று ஒன்று இல்லை. பொறுப்பில் இருந்த பெண்மணியிடம் போய்க் கேட்டாள். தெரியாத பொருளைக் கருவிக்குள் விட்டால் கருவி அழுக்காகிவிடும், என்ன என்று உறுதியாகத் தெரிந்த பிறகு கொண்டு வா, உடனே சோதித்துத் தருகிறேன் என்று அந்தப் பெண்மணி அன்பாகச் சொன்னார். உலகத்தில் எந்தப் பொருளையும் அந்தக் கருவிகளால் அடையாளம் காண முடியும். அது என்னவென்று முன்கூட்டியே அவற்றிடம் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

சனிக்கிழமை லிட்டில் இந்தியாவில் அத்தாவின் கடைக்குப் போனாள். சேக் தாவூதுக்கு சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் பாத்திரக்கடை. தீபாவளி வியாபாரத்துக்கு வந்த இட்லிப் பானைகளை அவர் அடுக்கிக்கொண்டிருந்தார். ஷமீமா எல்லாவற்றையும் சொன்னாள்.

"மோந்து பாத்தியா?" என்று கேட்டார்.

"லேப்ல எதையும் மோந்து பாக்கக்கூடாது அத்தா. ரூல்."

"குலுக்கியாவது பாத்தியா?"

"குலுக்கறதுக்கு பெர்மிட் வேணும்."

சேக் தாவூது ஒரு பானையைத் தூக்கி இன்னொன்றின் மேல் வைத்தார். "ரெண்டு வருஷமா அங்க என்னதாம்மா படிச்ச?" என்று கேட்டார். குத்திக் காட்டவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஷமீமாவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

ஜூரோங் கம்பெனியில் மிஸ் டான் என்பவர் ஆள் சேர்ப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். சேரும் தேதியை அக்டோபர் முதல் தேதிக்குத் தள்ளிப் போட்டுத் தந்தார். காரணம் என்ன என்று கேட்டதற்கு ஷமீமா ஒரு பாட்டில் என்றாள். மிஸ் டான் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

நிலையத்தின் இயக்குநர் பேராசிரியர் ரத்னவேல். ஷமீமாவின் ஆய்வுக்கும் அவர்தான் மேற்பார்வையாளர். இரண்டு ஆண்டில் அவளை ஐந்து முறை பார்த்திருந்தார், அதில் இரண்டு முறை மின்தூக்கியில். செப்டம்பர் முதல் வாரம் அவரைச் சந்திக்க நாள் கிடைத்தது. பாட்டில் அவளுடையது இல்லை என்று இரண்டு வரி எழுதித் தரும்படி கேட்டாள். பேராசிரியர் ஆங்கிலத்தில் பதில் சொன்னார். கீழே வருவது தமிழ். மாற்றியதில் எதுவும் நட்டமாகவில்லை.

"ஷமீமா, நீ இதைப் பாட்டிலாகப் பார்க்கிறாய். நான் இதை ஒரு பயணமாகப் பார்க்கிறேன். பொறுப்பு என்பது வளர்ச்சி. உன் வயதில் நான் என்ன செய்தேன்? நாலு நாட்டில், ஆறு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தேன். ஒரு பாட்டில்கூட என் பெயரில் இருந்தது கிடையாது. அதனால்தான் இன்று இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். நான் எழுதித் தந்தால் அது நடைமுறையில் தலையிடுவதாகும். நான் தலையிட மாட்டேன். எதிலும் தலையிட்டதில்லை. வேண்டுமானால் ஒரு குழு அமைக்கிறேன்."

அமைத்தார். அடையாளம் காணப்படாத பொருள்களுக்கான துணைக்குழு என்று பெயர். ஒன்பது உறுப்பினர்கள். முதல் கூட்டத்தில் குழுவின் சின்னத்தை முடிவு செய்தார்கள். இரண்டாவது கூட்டத்தில் பாட்டிலுக்கு ஓர் எண் கொடுத்தார்கள். மூன்றாவது மாடியில் அது இருப்பது ஆபத்து என்று கருதி, தரைத்தளத்தில் மஞ்சள் இரும்பு அலமாரி ஒன்றை அதற்கென்றே வாங்கினார்கள். இடம் மாற்றும் நாளில், தலையிலிருந்து கால் வரை மூடிய உடுப்புப் போட்ட இருவர் தள்ளுவண்டியில் பாட்டிலை வைத்து, நிமிடத்துக்கு மூன்று மீட்டர் என்ற வேகத்தில் தள்ளிக்கொண்டு போனார்கள். துப்புரவுப் பணியாளர் பாக்கியலட்சுமி மின்தூக்கிக் கதவை வெறுங்கையால் பிடித்துக்கொண்டு நின்றார். அவரைக் குழு கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

வாரா வாரம் ஷமீமா பாட்டிலின் அளவைப் பார்த்துக் குறிக்க வேண்டும் என்றும் உத்தரவு வந்தது. இரண்டாவது வாரம் நானூற்று இருபத்தாறு இருந்தது. மூடி சரியாக இறுகவில்லை போலிருக்கிறது. இருந்ததை இருந்தபடி எழுதினாள். அரை மணி நேரத்தில் கட்டடத்தின் அபாய மணி அடித்தது. முந்நூறு பேர் வெயிலில் கார் நிறுத்துமிடத்துக்குப் போய் வரிசையில் நின்றார்கள். தெரியாத பொருள் நான்கு மில்லி, தெரியாத திசையில், காற்றில் கலந்துவிட்டது என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். மூச்சை முடிந்தவரை குறைத்து விடும்படியும் கேட்டுக்கொண்டார்கள்.

மறுநாள் குழு ஒரு தீர்மானம் போட்டது. அடையாளம் தெரியும்வரை பாட்டிலின் அளவு நானூற்று முப்பதை விட்டு இறங்கக்கூடாது. ஷமீமா ரமீஸிடம் போனாள்.

"குறைஞ்சா எதை ஊத்தறது?"

"உள்ள இருக்கறதையே ஊத்துங்க."

"உள்ள இருக்கறது என்னன்னு தெரியாதே."

ரமீஸ் யோசித்தார். "அதே தெரியாததுதான் வேணும். வேற தெரியாததை ஊத்திடாதீங்க."

ஷமீமா மூன்றாவது மாடிக்குத் திரும்பினாள். சொட்டுக் கணக்கில் அளக்கும் பிப்பெட் ஒன்றை எடுத்தாள். குழாயைத் திறந்து, தண்ணீரைச் சரியாக நான்கு மில்லி அளந்து ஒரு குப்பியில் எடுத்துக்கொண்டு போய், பாட்டிலில் விட்டாள். இரண்டு ஆண்டில் ஓர் எண்ணைக்கூட மாற்றி எழுதாதவள். அசிங்கமாக இருந்தது. அடுத்த வாரக் கூட்டக் குறிப்பில், பொருள் வியக்கத்தக்க நிலைத்தன்மையைக் காட்டுகிறது என்றும் பொறுப்பாளரின் அர்ப்பணிப்பு பாராட்டத்தக்கது என்றும் இருந்தது.

அடுத்த முறை மூன்று மில்லி குறைந்தது. பிப்பெட்டோடு குழாயடியில் நின்றபோது பாக்கியலட்சுமி வாளியை எடுக்க வந்தார். நாற்பத்தெட்டு வயது. ஒப்பந்த நிறுவனம் ஒன்றின் ஆள். அந்த மாடியை ஆறு வருடமாகப் பெருக்கித் துடைக்கிறார்.

"என்னம்மா, சொட்டு சொட்டா புடிக்கற?"

"அந்த பாட்டிலுக்கு ஆன்ட்டி. அளவு குறையக்கூடாதாம்."

"எந்த பாட்டிலு? உன் பேரு ஒட்டியிருந்துச்சே, அதா? அதுக்கு நேரா பைப்புல புடிச்சுட்டு போக வேண்டியதுதானே. நான் அப்படித்தான் புடிச்சேன்."

ஷமீமா குழாயை மூடினாள். "நீங்களா?"

"ஆமா. கண்ணாடிக் கதவு தொடைக்க. காலி பாட்டில தூக்கிப் போட வச்சிருந்தாங்க. நல்லா கழுவி, தண்ணி புடிச்சு, தட்டுல வச்சேன். மறுநாளு பாத்தா உன் பேரு ஒட்டியிருக்கு. சரி, உனக்கு வேணும் போலருக்குன்னு நான் வேற பாட்டிலு எடுத்துக்கிட்டேன்."

ஷமீமா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஏழு வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தாள். பாக்கியலட்சுமி அவளை வினோதமாகப் பார்த்துவிட்டு, தரை ஈரம், எழுந்திரு என்றார்.

சாட்சி சொல்ல அவரைக் குழுவின் முன்னால் அழைத்துப் போனாள். ஒன்பது பேரும் கவனமாகக் கேட்டார்கள். பிறகு தலைவர் விளக்கினார். ஒரு திரவம் தண்ணீர் என்று கருத்துச் சொல்ல, தகுதி பெற்ற நபர் என்ற சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்கு இணையத்தில் ஒன்பது பாடம், கடைசியில் ஒரு தேர்வு. தேர்ச்சிக்கு எழுபது.

ஜூரோங்கில் மிஸ் டான் தேதியை இன்னொரு முறை தள்ளிப் போட்டார். அக்டோபர் இருபத்து நான்கு, வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி. அதற்குள் கடிதம் வரவில்லை என்றால் பட்டியலில் அடுத்த பெயரைக் கூப்பிடுவோம் என்றார். வருத்தத்தோடுதான் சொன்னார். பட்டியலில் அடுத்த பெயர் ஒன்று இருந்தது என்பதும் உண்மைதான்.

பாக்கியலட்சுமி ஒன்பது பாடத்தையும் பேருந்தில் வரும்போதும் போகும்போதும் கைத்தொலைபேசியில் படித்தார். புரியாத ஆங்கிலச் சொற்களுக்கு ஷமீமா தமிழில் பொருள் எழுதிக் கொடுத்தாள். பத்தாம் நாள் தேர்வு எழுதித் தொண்ணூற்றிரண்டு வாங்கினார். குழு உறுப்பினர்கள் அதே தேர்வில் எவ்வளவு வாங்கினார்கள் என்பது தனிப்பட்ட தகவல் என்பதால் வெளியிடப்படவில்லை.

மறுபடி குழு கூடியது. சான்றிதழை ஒவ்வொருவராக வாங்கிப் பார்த்தார்கள். தலைவர் தொண்டையைச் செருமினார்.

"வாழ்த்துகள். ஆனால் இந்தச் சான்றிதழ் நிலையத்தின் ஊழியர்களுக்குத்தான் செல்லும். நீங்கள் ஒப்பந்த நிறுவனத்தின் ஊழியர். உங்களுக்கு அறிவு இருக்கிறது என்பதை நாங்கள் மறுக்கவில்லை. அந்த அறிவு எங்கள் கட்டடத்துக்குள் செல்லாது." காகிதத்தைப் புரட்டினார். "இன்னொன்று. வேதிப்பொருள் இருந்த பாட்டிலை அனுமதி இல்லாமல் நீங்கள் கையாண்டிருக்கிறீர்கள் என்று இப்போது தெரிய வருகிறது. இது சம்பவ அறிக்கைக்கு உரியது. உங்கள் நிறுவனத்தின் பெயரும் மேலாளரின் எண்ணும் வேண்டும்."

"எழுதிக்குங்க சார்," என்றார் பாக்கியலட்சுமி. "நான்தான் புடிச்சேன். மறைக்க என்ன இருக்கு."

அந்த அறிக்கை ஒப்பந்த நிறுவனத்துக்குப் போனால் அடுத்த மாதம் இந்த மாடியை வேறு யாரோ துடைப்பார்கள். ஷமீமா எழுந்து நின்றாள்.

"எழுத வேண்டாம் சார். ஆன்ட்டி வேற பாட்டிலைச் சொல்றாங்க. நான்தான் தப்பா புரிஞ்சுக்கிட்டேன். இந்தச் சாட்சியை வாபஸ் வாங்கறேன்."

தலைவர் நிம்மதியாகப் பேனாவை மூடினார். வாபஸ் வாங்க ஒரு படிவம் இருந்தது. அதை நிரப்பிக் கொடுத்தாள்.

வெளியே வந்ததும் பாக்கியலட்சுமி பிடித்துக்கொண்டார். "எதுக்கு அப்படி சொன்ன? தொண்ணூத்திரண்டு மார்க்கு வாங்கியிருக்கேன். என்னை பொய் சொன்னவ ஆக்கிட்டியே."

"உங்க வேலை போயிடும் ஆன்ட்டி."

"உன் வேலை?"

அன்று அக்டோபர் பதினைந்து. அங் மோ கியோ வட்டாரத்தில் இருந்த வீட்டில் அம்மா உம்மு சல்மா, வேலைக்குப் போட்டுப் போக என்று வாங்கிய நான்கு சட்டைகளையும் தேய்த்து மாட்டி வைத்திருந்தார். ஷமீமா அலமாரியைத் திறப்பதையே விட்டுவிட்டாள்.

இருபத்து நான்காம் தேதி வந்தது. அதே நாள் நிலையத்தில் பாதுகாப்பு நாள் விழா. வெளிநாட்டிலிருந்து பதினெட்டு விருந்தினர்கள். விழாவின் நடுநாயகம் பாட்டில். பதினோரு வாரமாக ஒரு விபத்தும் இல்லாமல் காக்கப்பட்ட அடையாளமற்ற பொருள் என்ற அட்டையோடு, கண்ணாடிப் பெட்டிக்குள், மேடையில் விளக்கு வெளிச்சத்தில் வைத்திருந்தார்கள். பொறுப்பாளர் என்ற முறையில் ஷமீமாவை அதன் பக்கத்தில் நிற்க வைத்தார்கள். இரண்டு மணிக்கு விழா தொடங்கியது. இரண்டே முக்காலுக்குப் பேராசிரியர் ரத்னவேல் பேச எழுந்தார்.

"நண்பர்களே, எங்கள் நிலையத்தின் வெற்றிக்குக் காரணம் என்ன என்று கேட்கிறார்கள். கருவிகளா? இல்லை. பொறுப்பேற்பு. இங்கே பொறுப்பைத் தட்டிக்கழிப்பவர் ஒருவரும் கிடையாது. தட்டிக்கழிப்பதைத் தடுக்க ஆறு குழுக்கள் வைத்திருக்கிறோம், ஒரு குழு தட்டிக்கழித்தால் அடுத்த குழு பார்த்துக்கொள்ளும். இதோ இந்த மாணவி. யாரும் முன்வராதபோது ஒரு பாட்டிலில் தன் பெயரை எழுதினாள். தலைவன் என்பவன் யார்? மற்றவர்கள் தயங்கும்போது கையெழுத்துப் போடுபவன். நான் கேட்கிறேன், இவள் இடத்தில் நான் இருந்தால் தயங்குவேனா? ஒரு நொடிகூடத் தயங்க மாட்டேன். இந்தப் பாட்டிலை இப்போதே கொடுங்கள், இந்த மேடையிலேயே என் பெயரை எழுதுகிறேன்."

கைதட்டல் எழுந்தது. பேராசிரியர் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

ஷமீமா திட்டம் எதுவும் போட்டு வரவில்லை. பெரியவர்கள் ஒன்றைச் சொன்னால் அதைத்தான் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்வது அவள் சுபாவம். அதனால்தான் அவளுக்கு இவ்வளவும் வந்தது. பாட்டிலைக் கைமாற்றும் படிவம் ஒரு மாதமாக அவள் பையிலேயே கிடந்தது. புதிய பொறுப்பாளர் என்ற இடம் மட்டும் காலி. அதை எடுத்துக்கொண்டு போய்ப் பேச்சு மேசைமேல் வைத்தாள்.

"தேங்க் யூ சார்," என்றாள். ஒலிவாங்கியில் எல்லோருக்கும் கேட்டது. "இங்க போடணும். தேதியும் சேர்த்து."

விருந்தினர்கள் இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்து எழுந்து நின்று கைதட்டினார்கள். புகைப்படக்காரர் ஓடி வந்தார். பேராசிரியரின் முகம் ஒரு கணம் வெளுத்தது. பிறகு, இருபது வருடப் பழக்கம், கேமராவைப் பார்த்ததும் சிரிப்பு தானாக வந்தது. கையெழுத்துப் போட்டார். படம் சரியாக விழவில்லை என்று புகைப்படக்காரர் கேட்டுக்கொண்டதால் இன்னொரு பிரதியிலும் போட்டார். மணி இரண்டு ஐம்பத்தெட்டு.

விருந்தினர்கள் தேநீருக்குப் போன பிறகு ரமீஸ் மெதுவாக அவர் பக்கத்தில் வந்தார். அடுத்த வாரம் பேராசிரியர் ஓராண்டு ஆய்வு விடுப்பில் ஐரோப்பாவுக்குப் போகிறார். அதற்கும் கிளியரன்ஸ் தாள் உண்டு.

"சார், உங்க பேர்ல இப்ப ஒரு பாட்டில் இருக்கு."

பேராசிரியர் ரமீஸைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். பெட்டியின் கண்ணாடியைத் தூக்கினார். பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகி, மூக்கருகே கொண்டுபோய் மோந்தார்.

"தண்ணி," என்றார்.

பாட்டிலோடு நடந்து பக்கத்திலிருந்த பேன்ட்ரிக்குள் போனார். அங்கே தொட்டியில் பாக்கியலட்சுமி தேநீர்க் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். பேராசிரியர் கொஞ்சம் நகரச் சொன்னார். அவர் கோப்பைகளை ஒதுக்கி வழி விட்டார். நானூற்று முப்பது மில்லியும் தொட்டிக்குள் போனது. காலி பாட்டிலைத் தொட்டியின் ஓரத்தில் வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, விருந்தினர்களிடம் திரும்பினார். மணி மூன்று பதினைந்து. குழுத் தலைவர் அங்கேயே நின்று குறிப்பு எழுதினார்: இயக்குநர் மேம்பட்ட புலன்வழி முறையால் பொருளை அடையாளம் கண்டார், குழு தன் பணியை வெற்றியுடன் நிறைவு செய்தது.

ஷமீமா ரமீஸின் அறைக்குப் போனாள். அவர் திரையில் அவளுடைய பெயருக்கு நேரே இருந்த சிவப்புக் கட்டத்தைப் பச்சையாக்கி, தாளில் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். அவள் கைத்தொலைபேசி ஒலித்தது, கடிதம் வந்துவிட்டது. நின்ற இடத்திலிருந்தே ஜூரோங்குக்கு அனுப்பினாள். நான்கு நிமிடத்தில் மிஸ் டானின் பதில் வந்தது. திங்கட்கிழமை காலை எட்டு மணி, வரவேற்கிறோம்.

சந்தோஷப்பட வேண்டிய நேரம். அவளுக்குக் கோபம்தான் வந்தது. எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தாள்.

"தண்ணின்னு நான் சொன்னேனே. பாக்கியலட்சுமி ஆன்ட்டி பரீட்சை எழுதி மார்க் வாங்கிட்டு வந்து சொன்னாங்களே."

"நீங்க சொன்னப்ப அது அன்நோன், சிஸ்டர். அவங்க சொன்னப்பவும் அன்நோன்தான். டைரக்டர் சொன்னப்பதான் தண்ணி ஆச்சு," என்றார் ரமீஸ். கிண்டல் செய்யவில்லை. நடைமுறையை விளக்கினார்.

"இதை எழுதித் தருவீங்களா?"

ரமீஸ் நேர்மையான மனிதர். மேசை இழுப்பறையைத் திறந்து ஒவ்வொரு படிவமாகப் புரட்டிப் பார்த்தார். "இல்ல. அதுக்கு ஃபார்ம் இல்ல."

"அப்ப வாயால சொல்லுங்க. எனக்கு வேணாம், அவங்ககிட்ட."

அவள் போய்ப் பாக்கியலட்சுமியைக் கூட்டி வந்தாள். அவர் கையில் சோப்பு நுரையோடு வாசலில் நின்றார். ரமீஸ் எழுந்தார். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் முத்திரையைப் பார்த்தார்.

"ஆன்ட்டி," என்றார். "அது தண்ணிதான்."

"எனக்குத் தெரியும்பா," என்றார் பாக்கியலட்சுமி. "அங்க இன்னும் நாப்பது கப்பு கெடக்கு."